காலங்கடந்து கிடைத்த விளக்கம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், 1960களின் தொடக்கத்தில், இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை பாஸ்டன் நகரத்துக்கு உல்லாசப் பிரயாணமாக அழைத்துச் சென்று திரும்பிய ஆசிரியை, அதைப் பற்றி ஆளுக்கொரு வியாசம் எழுதி வரும்படி சொல்லியிருந்தார். ஒரு சிறுவன் எழுதினான்: எந்த எண்ணுள்ள சாலை வழியாகப் போனார்கள், எந்த ஊரைக் கடந்தார்கள், பாஸ்டனை அடைந்தபோது மணி சரியாக 9.17, ஊரைச் சுற்றிக் காட்டிய பஸ் எந்தக் கம்பெனியின் தயாரிப்பு, அதே கம்பெனி தயாரித்த பள்ளிக்கூட பஸ் தன் ஊரில் எந்தெந்தத் தெரு வழியாகப் போகிறது என்பவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினான். அமெரிக்கச் சரித்திரத்தில் பிரசித்தி பெற்ற ஸ்தலத்தைக் கண்டதற்கு மட்டும் ஒரே ஒரு வாக்கியம். தன்னை வந்து பார்க்கும்படி ஆசிரியை கோபத்தோடு எழுதிய வேகத்தில், சிவப்புப் பென்சில் காகிதத்தையே கிழித்துவிட்டது.

அந்தச் சிறுவன் டிம் பேஜ். பிற்காலத்தில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையின் சங்கீத விமரிசகராகி, 1997-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். பரிசும் புகழும் வந்த பின்னும், ஜன்மத்திலிருந்தே தம்மை விட்டு நீங்காத ஒரு மனச் சஞ்சலத்துக்குக் காரணம் என்ன என்று தேடிக்கொண்டிருந்த அவருக்கு, 2000-ஆம் ஆண்டில், 45-ஆம் வயதில் விடை கிடைத்தது. அஸ்பெர்கர் வகையைச் சேர்ந்த ஆட்டிசம் அவருக்கு இருந்ததென்றும், அது பிறவியிலிருந்தே இருந்து வந்ததென்றும் தெரிந்தது. இந்த விருத்தாந்தத்தை அவரே 2007-இல் ‘நியூ யார்க்கர்’ பத்திரிகையில் எழுதி, இரண்டாண்டுகளில் புத்தகமாகவும் விரித்தார்.

ஆட்டிசம் என்ற மாத்திரத்தில், பேச்சு வராத, முகம் பார்க்காத, ஒரு பொம்மையின் சக்கரத்தை ஓயாமல் சுழற்றிக்கொண்டிருக்கும் குழந்தையின் சித்திரமே நம்மில் பலர் மனத்தில் எழுகிறது. அப்படிப்பட்ட குழந்தைகளும் உண்டு. ஆனால் கல்யாணமாகி, உத்தியோகம் பார்த்து, பிள்ளைகளையும் வளர்த்து, ஊரார் கண்ணுக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவமுள்ளவராகவோ, கொஞ்சம் பிடிவாதக்காரராகவோ மட்டும் தோன்றுகிற ஒருவருக்கும் அது இருக்கலாம் என்பதை வைத்திய சாஸ்திரமே தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. இது தொற்றும் வியாதியன்று. மூளை வளரும் விதத்திலேயே உள்ள பேதம். அதன் இலட்சணங்களில் பாதி, பிறரோடு பழகுவதிலும் சம்பாஷணையிலும் தென்படும். மற்றப் பாதி, மாறாத ஒழுங்கில் உள்ள பற்றிலும், ஏதேனும் ஒரு விஷயத்தில் அளவு கடந்து ஆழ்ந்துபோவதிலும், புலன்களின் அதீதமான கூர்மையிலோ மந்தத்திலோ தென்படும். ஆபீஸில் எரியும் டியூப் லைட்டின் ரீங்காரம் வேறு யார் காதிலும் விழாதிருக்க, அதைத் தவிர வேறெதுவும் தம் காதில் விழாமல் தவிக்கிறவர். சட்டைக் கழுத்தில் தைத்த லேபிளை வெட்டி எறிந்தாலன்றி அதை அணிய இயலாதவர். ஒரு டெலிபோன் பேச்சுக்கு முன்னால் பேச வேண்டிய வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்கிறவர். ‘ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாருங்கள்’ என்று உபசாரத்துக்குச் சொன்னவர் வீட்டு வாசலில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் நிற்கிறவர்: இத்தகையோரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இவற்றில் ஏதோ ஒன்று இருப்பதால் மட்டும் ஒருவருக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. பிராயம் தெரிந்த நாளிலிருந்து இவை பல சேர்ந்து வந்து, வாழ்க்கையை உண்மையிலேயே பாரமாக்கியிருக்க வேண்டும்.

இத்தனை பேர் எப்படிக் கண்ணில் படாமல் போனார்கள்? சரித்திரத்தைச் சற்றுப் புரட்டினால் விளங்கும். மாஸ்கோவில் பணியாற்றிய க்ரூன்யா சுகரேவா என்ற பெண் வைத்தியர் 1925-லேயே இவ்வகைச் சிறுவர் அறுவரைப் பற்றி எழுதியிருந்தும், உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1943-இல் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக நிலைநாட்டியது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹன்ஸ் அஸ்பெர்கர், பேச்சிலும் அறிவிலும் குறையில்லாத நான்கு சிறுவரை வர்ணித்தார். யுத்த காலத்து ஜெர்மன் எழுத்தாகையால் அது ஆங்கிலம் பேசும் உலகத்தை வெகுகாலம் எட்டவில்லை. இதனிடையே, தாயின் அன்பில் சூடு போதாமையால்தான் குழந்தை இப்படியாகிறது என்ற ஒரு குரூரமான சித்தாந்தம் கிளம்பி, ஒரு தலைமுறைத் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. ஆக, டிம் பேஜின் வியாசத்தின் மேல் சிவப்புப் பென்சில் பாய்ந்த காலத்தில், நன்றாகப் பேசவும் எழுதவும் தெரிந்த ஒரு பையனை ஆட்டிசத்தோடு சம்பந்தப்படுத்தி நினைக்க எந்த வைத்தியருக்கும் முகாந்திரம் இல்லை.

கானர் எழுதிய முதல் குழந்தையின் கதி இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. மிஸிஸிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டானல்ட் ட்ரிப்லெட் வளர்ந்து பெரியவராகி, அவ்வூர் பாங்கியில் வேலை பார்த்து, கால்ஃப் ஆடி, தனியாகத் தேசாந்தரங்கள் சுற்றி, 2023-இல் 89-ஆம் வயதில் காலமானார். ஆட்டிசக் குழந்தை ஆட்டிச மனிதராக வளர்ந்து முதுமையும் அடையும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சியம் வேண்டும்? ஆயினும் ஆராய்ச்சியாளர்களின் பார்வை வெகுகாலம் குழந்தைகளை விட்டு நகரவில்லை.

அதை நகர்த்தியவர் லண்டன் மனநல மருத்துவர் லோர்னா விங். தம் மகளுக்கே ஆட்டிசம் இருந்தபடியால் இந்த அம்மையாருக்கு விஷயம் ஏட்டுப் படிப்பாக மட்டும் இல்லை. 1981-இல் அவர் வெளியிட்ட கட்டுரை அஸ்பெர்கரின் பெயரை ஆங்கில உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதோடு, வயது வந்தவர்களையும் சேர்த்தே பேசியது. 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அஸ்பெர்கரின் பெயர் ஏறியது. 2013-இல் அந்தத் தனிப்பெயர் எடுபட்டு, எல்லாம் ஒரே ஆட்டிச நிறமாலைக்குள் அடங்கின. நாஜி ஆட்சியின் குழந்தைக் கொலைத் திட்டத்தோடு அஸ்பெர்கருக்கு இருந்த தொடர்பை 2018-இல் ஒரு சரித்திர ஆராய்ச்சி எடுத்துக்காட்டிய பிறகு, அந்தப் பெயரை விரும்பாதவர்களின் எண்ணிக்கை இன்னும் பெருகியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கையேட்டில் நம் விஷயத்துக்கு முக்கியமான வேறொரு விதியும் உண்டு: குறிகள் இளம் பிராயத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும், ஆனால் வாழ்க்கையின் நிர்ப்பந்தம் ஒருவருடைய சக்தியை மிஞ்சும் வரையில் அவை முழுதும் வெளிப்படாமலும், கற்றுக்கொண்ட உபாயங்களால் மறைக்கப்பட்டும் இருக்கலாம்.

அந்த நிர்ப்பந்தம் வரும் வழிகள் பல. உத்தியோக உயர்வே வினையாகலாம். கணக்கெழுதும்போது கெட்டிக்காரராக இருந்தவர், பத்துப் பேரை மேய்க்கும் பொறுப்பு வந்ததும் நிலைகுலைந்துபோவார். பிரசவமோ, தாய் தந்தையரின் மரணமோ, வீடு மாறுவதோ, அதுவரை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்த ஒழுங்கைச் சரித்துவிடலாம். ஆனால் அடிக்கடி கேள்விப்படும் வழி பிள்ளையின் வழியே. குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போன தகப்பனாரிடம் வைத்தியர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, ‘இதில் என்ன அதிசயம், சின்ன வயதில் நானும் இப்படித்தானே இருந்தேன்’ என்று வெகுளியாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதி வழியில் பேச்சை நிறுத்திவிடுகிறார். இது தற்செயலன்று. 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இருவர் இரட்டையர்களை ஆராய்ந்து கண்டதிலிருந்து, ஆட்டிசத்தில் பரம்பரைக்கு உள்ள பெரும் பங்கு திரும்பத் திரும்ப நிரூபணமாகியிருக்கிறது.

கற்றுக்கொண்ட உபாயங்கள் என்றேனே, அதற்கும் டிம் பேஜே நல்ல உதாரணம். எமிலி போஸ்ட் என்ற மாது எழுதிய நாகரிக நடத்தை விதிகளின் புத்தகத்தைக் கேலி செய்யும் எண்ணத்தோடு இளவயதில் எடுத்தவர், மனிதர்கள் ஏன் இப்படியெல்லாம் நடந்துகொள்கிறார்கள் என்பதற்குத் தமக்குக் கிடைத்த முதல் விளக்கம் அதுவே என்று கண்டு, அதைப் பயின்று பிழைத்தார். பிறர் மூச்சு விடுவதுபோல் சுலபமாகச் செய்யும் குசல விசாரிப்பை இவர்கள் இலக்கண நூல் பார்த்து அந்நிய பாஷை பேசுவதுபோல் பேசுகிறார்கள். பேச்சில் பிழை இராது. சாயங்காலம் வீடு திரும்பியதும் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் ஒருவர் முகத்திலும் விழிக்க முடியாமல் படுத்துக் கிடப்பார்கள். வீட்டார் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பெண்கள் இந்த வித்தையில் இன்னும் தேர்ச்சி பெறுகிறார்கள். அடக்கமான பெண், அதிகம் பேசாத பெண் என்று பாராட்டவும் படுகிறார்கள். ஆண்கள் நால்வருக்குப் பெண் ஒருத்தி என்று முன்பு வழங்கிய கணக்கு, 2017-இல் வந்த ஒரு விரிவான தொகுப்பாராய்ச்சியில் மூவருக்கு ஒருத்தி என்ற அளவுக்கு இறங்கியது. தப்பியவர்களையும் எண்ணினால் இன்னும் இறங்கலாம் என்பது பல நிபுணர்களின் அபிப்பிராயம். ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயிலுக்குப் பிரசவத்தின்போது மூளையில் சேதம் ஏற்பட்டது என்றே சிறு வயது முதல் சொல்லி வந்தார்கள். பள்ளியில் பரிகாசம் வேறு. 2009-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் பாடி உலகப் புகழ் பெற்ற பின்னர்தான், 50 வயதைத் தாண்டி, அது ஆட்டிசம் என்று அறிந்தார். பத்திரிகைக்கு அதை வெளியிட்டபோது அவர் தெரிவித்தது வருத்தத்தை அல்ல, நிம்மதியை.

ஐயம் வந்தவர் செய்யத்தக்கது என்ன? கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹனும் சகாக்களும் 2001-இல் வெளியிட்ட 50 கேள்விகள் கொண்ட படிவம் பிரசித்தம். 32-ஓ அதற்கு மேலோ மதிப்பெண் வந்தால் மேலும் விசாரிக்கலாம் என்பதே அதன் பொருள். அது கதவைத் தட்டுவதே தவிரத் தீர்ப்பு அன்று. பயின்ற மனநல மருத்துவரோ உளவியலாளரோ நெடுநேரம் பேசிப் பார்த்து, தாயாரோ தமக்கையோ உயிரோடிருந்தால் இளம் பிராயத்தைப் பற்றி அவர்களையும் விசாரித்து, பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளையும் பார்த்துத்தான் முடிவு சொல்வார். மனக்கவலை, சோர்வு, கவனச் சிதறல் ஆகியவை இதோடு சேர்ந்தே வருவதால், அவற்றுக்கு மட்டும் மருந்து தின்றே பல ஆண்டுகள் கழித்தவர்களும் உண்டு.

இதெல்லாம் புது நாகரிகம், ஆளுக்கொரு பட்டம் சூட்டிக்கொள்கிறார்கள் என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் 1998-க்கும் 2018-க்கும் இடையில் புதிதாகப் பதிவான ஆட்டிச நிர்ணயங்கள் 787 சதவிகிதம் உயர்ந்தன என்ற கணக்கைப் பார்த்தால் அந்த முணுமுணுப்பு எழுவது இயல்பே. ஆனால் இங்கிலாந்தில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களைப் பரிசோதித்து 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கண்டது. முதியவர்களிடையே அது குறைந்திருக்கவும் இல்லை. ஆட்கள் முன்பும் இருந்தார்கள், எண்ணத்தான் ஆளில்லை. ‘எல்லோருக்குமே கொஞ்சம் ஆட்டிசம் உண்டு’ என்று சமாதானம் சொல்லும் தாராள மனத்தினர்மீது எனக்கு இன்னும் அதிக மனத்தாங்கல். எல்லோருக்கும் உண்டென்றால் ஒருவருக்கும் உதவி வேண்டாம் என்றாகிவிடும்.

விடை கிடைத்தவர்கள் முதலில் நிம்மதி அடைகிறார்கள். பிறகு பலருக்குத் துக்கம் வருகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளாகத் தம்மைச் சோம்பேறி என்றும், கர்வி என்றும், இரக்கமற்றவர் என்றும் சொன்ன வாக்கியங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. இரக்கமற்றவர் என்ற குற்றச்சாட்டுக்கு, தாமே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012-இல் தக்க பதில் எழுதினார்: புரியாமை இரு தரப்புக்கும் பொது, மற்றவர்களுக்கும் இவர்கள் மனம் புரிவதில்லை. எடின்பரோவில் நடந்த ஒரு பரிசோதனையில், ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் வாய்மொழியாக ஒரு கதையைக் கைமாற்றியபோது, மற்றவர்கள் தமக்குள் கைமாற்றிய அளவுக்கே அது சிதையாமல் போய்ச் சேர்ந்தது. இரு சாராரையும் கலந்து உட்கார வைத்தபோதுதான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன.

நம் இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளில் ஆட்டிச நிறமாலையும் ஒன்று. குழந்தைகளுக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே, உங்கள் சித்தப்பாவோ, தமக்கையோ, கூட வேலை பார்ப்பவரோ ஒரு நாள் உங்களிடம் வந்து தமக்கு ஆட்டிசம் என்று சொன்னால், ‘பார்த்தால் அப்படித் தெரியவில்லையே’ என்று தயவு செய்து ஆறுதல் கூறாதீர்கள். எந்தச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது, எந்த விளக்கை அணைக்கலாம், எதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சௌகரியம் என்று கேளுங்கள்; கேட்டதைச் செய்யுங்கள்.