ஹேம்குண்ட் ஏரிக்குப் புறப்படும் முன்

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து புரட்டாசி நெருங்கும் நாட்களில், நம் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: “பத்ரிநாத் போகிறோம், அப்படியே ஹேம்குண்ட் ஏரிக்கும் ஏறிவிட்டு வரலாமா?” கேட்பவர் பெரும்பாலும் இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை உட்கொள்பவர். சில வேளைகளில் அவரை அழைத்துச் செல்லவிருக்கும் மகளோ மருமகனோ கேட்பார்கள்.

ஆசை இயல்பானதே. திருவதரி என்னும் பத்ரிநாத் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. அங்கிருந்து சற்றுக் கீழே கோவிந்த்காட்டில் பிரியும் வழி, பனிச்சிகரங்கள் சூழ்ந்த ஹேம்குண்ட் ஏரிக்குச் செல்கிறது. ஏரிக்கரையில் சீக்கியர்களின் குருத்துவாராவும், அதனருகே இலக்குவனுக்கு ஒரு சிறு கோயிலும் உள்ளன. அக்டோபர் முற்பகுதியில் குருத்துவாரா நடை சாத்தப்படும். மழை விலகி வானம் தெளிந்திருக்கும் செப்டம்பர் பிற்பகுதி பலருக்கும் ஏற்ற காலம்.

ஏரிக்கரையில் இரவு தங்க அனுமதியில்லை. முதல் நாள் மாலைக்குள் காங்காரியா என்னும் சிற்றூருக்கு நடந்து சென்று தங்கி, மறுநாள் விடியலில் ஏறி, பிற்பகலில் இறங்க வேண்டும். காங்காரியா சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் நடையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். நம் தென்காசியோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர்தான்.

ஏரிக்கரைக் காற்றிலும் ஆக்சிஜனின் பங்கு இங்குள்ளதைப் போல 21 விழுக்காடே. ஆனால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் இதற்குப் பழகும். பழகுவதற்கு நாட்கள் வேண்டும். “குதிரையில் போய்விடுகிறோம், நடக்கவா போகிறோம்?” என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: குதிரை முழங்காலுக்கு உதவும், நுரையீரலுக்கு உதவாது. நடந்து செல்பவரைவிட விரைவில் உயரத்தை அடைவதால், உடல் பழகிக்கொள்ளக் கிடைக்கும் நேரமும் குறைகிறது.

தோரணமலை முருகன் கோயில் படிகளில் ஏறிப் பழகுவது மிகவும் நல்லது. (தேரையர் மருத்துவம் பயின்ற மலை என்று நம் பகுதியில் வழங்கும் கதை நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.) காலும் இதயமும் உறுதிப்படும். ஆயினும் உயர நோய் வராது என்பதற்கு அது உத்தரவாதமன்று. திடகாத்திரமான இளைஞர்களும் வேகமாக ஏறி அதற்கு ஆளாகிறார்கள்.

எனவே, எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எந்த உயரத்தில் எத்தனை இரவு என்பதையே பயணத் திட்டத்தில் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மருத்துவ வழிகாட்டுதல். ஜோஷிமட்டில் ஓரிரு இரவு, பின்னர் பத்ரிநாத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டுக் காங்காரியாவுக்குச் செல்வது நல்லது. இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம். காங்காரியாவிலும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, மலர்ப் பள்ளத்தாக்கின் தொடக்கம்வரை மெதுவாக நடந்து வரலாம். பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும், பரவாயில்லை.

இன்சுலின் போடுபவர்கள் அதைச் சுமைக்குதிரையின் பையில் அனுப்பாதீர்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. சட்டைக்குள், உடலை ஒட்டி வைத்திருங்கள். கடுங்குளிரில் சர்க்கரை பார்க்கும் கருவி தவறாகவும் காட்டலாம். நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும் என்பதால், உடன் செல்பவரின் பையிலும் குளுக்கோஸ் இருக்கட்டும். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்கள் தாமாக அளவை மாற்ற வேண்டாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களும் இதய மருத்துவர் ஒப்புதலளிக்கும்வரை பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரையை, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோனார் என்பதற்காக வாங்காதீர்கள். அது எல்லோருக்கும் ஏற்றதன்று.

உடன் செல்வோருக்கு ஒன்று. தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ மிகுந்த அசதியோ இருந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், ஓயாத இருமல், தள்ளாடும் நடை, குழறும் பேச்சு: இவற்றில் எது தோன்றினாலும், நள்ளிரவாயினும், உடனே கீழே கொண்டுசெல்லுங்கள். கிடைத்தால் ஆக்சிஜன் கொடுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருந்து இறங்குவதைத் தாமதிக்காதீர்கள். நோயாளி “எனக்கு ஒன்றுமில்லை” என்றே சொல்வார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம் அவருக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். அதனால், யார் திரும்பினாலும் அவரோடு இறங்கி வரப்போகிறவர் யார் என்பதை ரயில் ஏறும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன், மாத்திரைச் சீட்டுகளோடும் பழைய இ.சி.ஜி. அறிக்கையோடும் ஒருமுறை வந்து பாருங்கள்.