விட்ட தேகாப்பியாசம்

நாற்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர் ஒருவரைப் பார்த்து, "தாங்கள் தேகாப்பியாசம் செய்வதுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "செய்ததுண்டு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பள்ளிக்கூட வாத்தியாரின் காதில் முதலில் விழுவது அந்த வினைச்சொல்லின் காலந்தான். காலேஜில் படித்தபோது அவர் பந்தாடியிருப்பார். விடியற்காலையில் எழுந்து தண்டாலும் பஸ்கியும் எடுத்திருப்பார். ஆற்றில் அக்கரை வரையில் நீந்தியிருப்பார். எல்லாம் இறந்த காலம்! நிகழ்காலத்தில் அவர் செய்யும் அப்பியாசமெல்லாம், ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுச் சாய்வு நாற்காலிக்கு வந்து சேருவதுதான்.

இதற்காக அவரைக் குறை கூறிப் பயனில்லை. உத்தியோகம் வந்தது, கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தார்கள், வாசலில் மோட்டார் வண்டி வந்து நின்றது. தேகாப்பியாசத்தை யாரும் நாள் பார்த்து நிறுத்துவதில்லை. ஒரு நாள் மழை, மறு நாள் ஜலதோஷம், அடுத்த வாரம் வெளியூர்ப் பிரயாணம் என்று அது தானாகவே கழன்று போகிறது. அது போன இடத்தில் வேறு சில விருந்தாளிகள் வந்து உட்காருகிறார்கள். இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. அற்ப விஷயத்திற்கெல்லாம் கோபம் வருகிறது. இன்னதென்று சொல்ல முடியாதபடி மனம் கனக்கிறது. மேலதிகாரியின் குணம், பிள்ளையின் மார்க்கு, கிரகசாரம் என்று இதற்கு எத்தனையோ காரணங்களைத் தேடுகிறோம். நம் கால்கள் சும்மா இருப்பதும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை.

உடம்பு வேறு, மனம் வேறு என்று பிரித்துப் பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் விஞ்ஞானிகளின் பரிசோதனைகள் வேறு விதமாகச் சொல்லுகின்றன. அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் புளூமெந்தால் என்பவரும் அவருடைய சகாக்களும் 1999-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மனச்சோர்வு நோயால் வருந்திய 156 பேரை அவர்கள் சேர்த்துக் கொண்டார்கள். எல்லாரும் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு மருந்து. மற்றொரு பிரிவினருக்கு வாரம் 3 முறை தேகப் பயிற்சி. மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். 16 வாரங்கள் இப்படி நடந்தது. மருந்து உண்டவர்களுக்கு ஆரம்பத்தில் குணம் சற்று விரைவாகவே தெரிந்தது. ஆனால் 16 வாரங்களும் முடிந்தபோது, மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள்! ஆரம்பத்திலிருந்து 10 மாதம் கழித்து மறுபடியும் விசாரித்தார்கள். பயிற்சியினால் மட்டும் குணமடைந்தவர்களிடையே நோய் திரும்பி வந்தது குறைவாக இருந்தது. பயிற்சியைத் தாங்களாகவே விடாமல் செய்து வந்தவர்களிடம் நன்மை நிலைத்திருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் வைத்தியர் கொடுத்த மருந்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அந்த நோயாளிகள் கண்காணிப்பின் கீழ், பலரோடு சேர்ந்து பயிற்சி செய்தவர்கள். கூட்டாளிகளின் துணையும் அவர்களுக்கு உதவியிருக்கலாம். கடுமையான மனச்சோர்வு உண்மையான நோய். அதற்கு வைத்தியம் தேவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயிற்சி வைத்தியத்திற்கு நல்ல துணை. நோயில்லாதவர்களுக்கோ அது ஒரு காவல். நார்வே தேசத்தில் சுமார் 34,000 பேரை 11 வருஷ காலம் கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாரத்திற்கு ஒரே ஒரு மணி நேரம் பயிற்சி செய்தவர்களிடையே கூட மனச்சோர்வு குறைவாகக் காணப்பட்டது. மூச்சிரைக்க ஓட வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. மெதுவான பயிற்சியிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

"இதெல்லாம் சரி, ஐயா! நான் விட்டுப் பதினைந்து வருஷமாயிற்றே. இனிமேல் என்ன பிரயோசனம்?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்காகவே அமைந்தது போன்ற சரித்திரம் ஒன்று உண்டு.

1966-ஆம் ஆண்டில் டல்லாஸ் நகரத்தில் 20 வயது வாலிபர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்தார்கள். எழுந்து நடக்கவே கூடாது. மூன்று வாரம் கழித்துச் சோதித்தபோது, உழைக்கும்போது பிராணவாயுவை ஏற்றுக் கொள்ளும் அவர்களுடைய தேகத்தின் சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பிறகு 8 வாரப் பயிற்சியில், இழந்ததை மீட்டு அதற்கு மேலும் அடைந்தார்கள். இதோடு கதை முடியவில்லை. 30 வருஷம் கழித்து, 1996-இல், அதே 5 பேரையும் திரும்ப அழைத்தார்கள். வாலிபர்கள் இப்போது 50 வயதுக்காரர்கள். தேகத்தில் கொழுப்பின் விகிதம் இரண்டு மடங்காகியிருந்தது. ஆயினும் அவர்களைச் சோதித்தவர்கள் ஓர் ஆச்சரியத்தைக் கண்டார்கள். 30 வருஷ வயோதிகம் செய்த கெடுதலைக் காட்டிலும், அன்று 3 வாரப் படுக்கை செய்த கெடுதல்தான் அதிகம்!

நடை, மெதுவான ஓட்டம், சைக்கிள் என்று 6 மாதம் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். வயதினால் இழந்த அந்தச் சக்தி முழுவதும் திரும்பி வந்தது. ஐந்தே பேரிடம் செய்த சோதனைதான். அதைக் கொண்டு எல்லாருக்கும் ஜாதகம் கணித்துவிட முடியாது. ஆனாலும் சும்மா இருப்பதற்கு வயதைச் சாக்காகச் சொல்லுகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டிய விஷயம் அல்லவா?

மீண்டும் தொடங்குவது எப்படி? நீண்ட நாள் சுரமாகக் கிடந்த மாணவன் வகுப்புக்குத் திரும்பி வந்தால், மறு நாளே அவனை வருஷப் பரீட்சைக்கு உட்கார வைக்கிறோமா? தேகத்தையும் அப்படியே நடத்த வேண்டும். பழைய நூறு தண்டாலை நினைத்துக் கொண்டு முதல் நாளே களத்தில் இறங்குகிறவர், மூன்றாம் நாள் முதுகுக்குத் தைலம் தடவிக் கொண்டிருப்பார். நான்காம் நாள் பழையபடி சாய்வு நாற்காலிக்கு வந்துவிடுவார். முதல் வாரம் 10 நிமிஷ நடை போதும். பிறகு வாரத்துக்கு 5 நிமிஷமாகக் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே தக்க வேகம். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வகுத்த அளவு, வாரத்திற்கு 150 நிமிஷம் முதல் 300 நிமிஷம் வரையில் மிதமான உழைப்பு. அதோடு 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நடந்தால் 150 நிமிஷம் ஆகிவிடுகிறது. இருதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் தொடங்குமுன் வைத்தியரைக் கேட்டுக் கொள்வது அவசியம்.

இடையில் ஒரு நாள் தவறிவிட்டால்? பெரும்பாலோர் கவிழ்வது இங்கேதான். "நேற்று விட்டுப் போயிற்று, இனி அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பார்ப்போம்" என்று ஒத்திப் போடுகிறோம். லண்டனில் 96 பேர் புதுப் பழக்கம் ஒன்றைக் கைக்கொண்டதைக் கவனித்து எழுதிய ஆராய்ச்சி உண்டு. பழக்கம் படிவதற்குச் சிலருக்கு 18 நாளும் சிலருக்கு 250 நாளுக்கு மேலும் பிடித்தன. நடுத்தரமாக 66 நாள். நடுவில் ஒரு நாள் தவறியதனால் குறிப்பிடத்தக்க நஷ்டம் எதுவும் ஏற்படவில்லை. விட்ட நாளுக்காக வருந்தாமல், மறு நாள் செருப்பை மாட்டிக் கொண்டு கிளம்புகிறவரே ஜயிக்கிறார்.

பணச் செலவும் வேண்டியதில்லை. காந்தியடிகள் சிறு வயதில் பள்ளிக்கூடத்துத் தேகாப்பியாச வகுப்பை விரும்பாதவர். ஆனால் நடையை மட்டும் கைவிடவில்லை. லண்டனில் படித்த காலத்தில் வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்தித் தினம் 8, 10 மைல் நடந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

கடைசியாக, இல்லத்தரசிகளைப் பற்றி ஒரு வார்த்தை. "அவளுக்கென்ன, வீட்டு வேலையே தேகாப்பியாசந்தானே?" என்று கணவன்மார்கள் சொல்லக் கேட்கிறோம். வேலையில் தேகம் உழைப்பது மெய்தான். ஆனால் அடுப்பில் பால் பொங்குமோ, பள்ளிக்கூட வண்டி போய்விடுமோ என்ற கவலையோடு செய்யும் உழைப்பும், தனக்கென்று ஒதுக்கிய நேரத்தில் காற்றாட நடப்பதும் மனத்துக்கு ஒன்றாகா. அந்த அரை மணியை அவளாக எடுத்துக் கொள்ள முடியாது. வீட்டிலுள்ளவர்கள்தான் கொடுக்க வேண்டும். மாலையில் ஒருவர் குழந்தையைப் பார்த்துக் கொள்ளட்டும். மற்றொருவர் காய் நறுக்கட்டும். அடுத்த வேளை முறையை மாற்றிக் கொள்ளட்டும். எந்த வீட்டில் இந்த ஏற்பாடு நடக்கிறதோ, அந்த வீட்டில் "செய்ததுண்டு" என்ற இறந்த காலம் "செய்கிறேன்" என்று மாறுவதற்கு அதிக நாள் ஆகாது.