நகராமல் ஒரு கிலோமீட்டர் நீந்த முடியுமா?

மாணவர்களே, ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒலிம்பிக் போட்டிகள் நடக்கும் நீச்சல் குளத்தின் நீளம் 50 மீட்டர். அதில் 1 கிலோமீட்டர் நீந்த, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 20 முறை போனால் போதும். ஒரு தரைவீட்டின் பின்புறத்தில் 4 மீட்டர் நீளமுள்ள சிறிய குளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே அதே தூரத்துக்கு 250 முறை போக வேண்டும். அதை நீச்சல் என்று சொல்லவே முடியாது. சுவரைக் காலால் ஒருமுறை உதைத்தாலே எதிர்ச்சுவர் வந்துவிடும்.

2020ஆம் ஆண்டு இந்தக் கணக்கு பலருக்கு உண்மையான சிக்கலாகிவிட்டது. கொவிட்-19 பரவலால் மலேசியாவில் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கியது. பொது நீச்சல் குளங்கள் மூடப்பட்டன. ஓட்டக்காரர்கள் வீட்டுக்குள் ஓடுபொறியில் ஓடினார்கள். நீச்சல் வீரர்கள் என்ன செய்வது? உலகின் பல இடங்களில் வீரர்கள் சிறு குளங்களிலும் காற்றடைத்த தொட்டிகளிலும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே நீந்தினார்கள்.

வேடிக்கையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டுக்குள் நாம் பள்ளியில் படிக்கும் இயற்பியல் நிறையவே இருக்கிறது. வீட்டில் அத்தகைய சாதனம் வாங்கும் எண்ணம் இருந்தால், தெரிந்துகொள்ள வேண்டிய எச்சரிக்கைகளும் இருக்கின்றன.

கீழிறங்கும் மின்படியில் மேலே ஏறினால்?

ரயில் நிலையத்தில் கீழ்நோக்கி இறங்கும் மின்படி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். (கற்பனை மட்டும் போதும். செய்து பார்க்க வேண்டாம்!) படி இறங்கும் அதே வேகத்தில் ஒருவர் அதில் மேலே ஏறினால், பார்ப்பவர் கண்ணுக்கு அவர் ஒரே இடத்தில் இருப்பார். ஆனால் அவருடைய கால்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மூச்சும் வாங்கும்.

இதற்கு அடிப்படையான கருத்தை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1632ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் விளக்கினார். சீரான வேகத்தில் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் ஒரு பாத்திரத்தில் மீன்கள் நீந்துகின்றன. கப்பல் நின்றாலும் ஓடினாலும் அந்த மீன்களுக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார் அவர். நீந்துபவருக்கு முக்கியமானது கரையைப் பொறுத்த வேகம் அன்று. நீரைப் பொறுத்த வேகம்தான்.

ஆகவே, நீர் அசையாமல் இருக்க, நீங்கள் விநாடிக்கு 1 மீட்டர் முன்னேறலாம். அல்லது நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, நீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் எதிரே வரலாம். நீர் சீராக ஓடினால், உடலுக்கு இரண்டும் ஒன்றே.

இருந்த இடத்தில் நீந்த இரண்டு வகைச் சாதனங்கள் இருக்கின்றன. ஒன்று கயிறு. மற்றொன்று செயற்கை நீரோட்டம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே பலனைத் தருவதுபோல் தோன்றும். ஆனால் இப்போது பார்த்த கருத்து நீரோட்டத்துக்குத்தான் பொருந்தும், கயிற்றுக்குப் பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

கயிறு: எளிய வழி

இடுப்பில் ஒரு பெல்ட். அதிலிருந்து நன்கு இழுபடும் ரப்பர் கயிறு. கயிற்றின் மறுமுனை குளத்துக்கு வெளியே உறுதியான ஒரு தூணில் கட்டப்பட்டிருக்கும். அவ்வளவுதான் சாதனம்.

நீந்தத் தொடங்கியதும் உடல் முன்னே செல்லும், கயிறு நீளும். நீள நீள அது பின்னோக்கி இழுக்கும் விசையும் கூடும். மீள்பொருள் நீளும் அளவு அதன் மீதுள்ள விசைக்கு ஏற்பக் கூடும் என்று இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியைப் படித்திருப்பீர்கள். ரப்பர் அந்த விதியை ஓரளவுக்குத்தான் பின்பற்றும். ஆனாலும் நம் கணக்குக்கு அது போதும். 1 மீட்டர் நீட்ட 100 நியூட்டன் விசை தேவைப்படும் கயிறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீங்கள் 80 நியூட்டன் விசையுடன் உந்தினால் கயிறு 0.8 மீட்டர் நீளும். அங்கே உந்துவிசையும் கயிற்றின் இழுப்பும் சமமாகிவிடும். நீங்கள் அதே இடத்தில் நிற்பீர்கள்.

இதில் ஒரு நல்ல பயன் உண்டு. கயிற்றில் விசைமானி ஒன்றை இணைத்தால் வீரர் எவ்வளவு விசையுடன் உந்துகிறார் என்பதை நேரடியாக அளக்கலாம். விளையாட்டு அறிவியலாளர்கள் இந்த முறையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

குறையும் உண்டு. சாதாரணமாக நீந்தும்போது உங்களைத் தடுப்பது நீர். கயிற்றில் நீந்தும்போது உங்களைத் தடுப்பது கயிறு. உடல் நகரவில்லை, நீரும் ஓடவில்லை. அதனால் உடலை உரசிச் செல்லும் நீர் மிகக் குறைவு. உடலை நேராக வைத்து நீரின் தடையைக் குறைப்பதுதான் நீச்சலின் முக்கியத் திறமை. கயிற்றுப் பயிற்சியில் அதற்கு வேலையே இல்லை. உடலைக் கோணலாக வைத்தாலும் நீர் உங்களைத் தண்டிக்காது!

மூச்செடுப்பதும் மாறும். வேகமாக நீந்தும்போது தலைக்கு முன்னே ஓர் அலை எழும்பி, வாயின் அருகே சிறு பள்ளம் உண்டாகும். வீரர்கள் தலையைச் சற்றே திருப்பி அந்தப் பள்ளத்தில் மூச்செடுப்பார்கள். நகராதவருக்கு அந்த அலை அவ்வளவாக எழும்பாது. அவர் தலையை இன்னும் அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கும். கைவீச்சும் கனமாகத் தோன்றும். உயர் கியரில் இருக்கும் சைக்கிளை நின்ற நிலையிலிருந்து மிதிப்பதுபோன்ற உணர்வு அது.

நீரோட்டம்: விலை ஏன் அதிகம்?

அடுத்த வகைச் சாதனம் குளத்தின் ஒரு முனையிலிருந்து நீரைத் தள்ளி ஓர் ஓட்டத்தை உண்டாக்குகிறது. சிலவற்றில் பம்பு நீரைச் சிறு குழாய்வாய்கள் வழியே வேகமாகப் பீச்சும். வேறு சிலவற்றில் கப்பலின் அடியில் இருப்பதுபோன்ற பெரிய சுழல்விசிறி நீரைத் தள்ளும். இதே ஏற்பாட்டின் பெரிய வடிவங்கள் ஆய்வுக்கூடங்களில் உள்ளன. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் அமைக்கப்பட்ட ஒரு நீரோட்டத் தொட்டியைப் பற்றி உடலியல் அறிஞர் பெர்-ஓலோஃப் ஆஸ்ட்ராண்டும் அவருடன் பணியாற்றியவரும் 1972இல் அறிவியல் இதழ் ஒன்றில் எழுதினார்கள். வீரர் ஒரே இடத்தில் நீந்துவதால், அவர் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறார் என்பதைப் பக்கத்திலுள்ள கருவிகளால் அளக்க முடிகிறது.

அப்படியென்றால் எல்லாரும் இதையே வாங்கலாமே? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீந்துபவரைச் சுற்றி 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்துக்கு நீர் ஓட வேண்டும் என்று கொள்வோம். குறுக்குவெட்டுப் பரப்பு 0.5 சதுர மீட்டர். வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்றால், ஒவ்வொரு விநாடியும் 0.5 கன மீட்டர் நீரைத் தள்ள வேண்டும். அதாவது 500 லிட்டர். நம் குளியலறையில் இருக்கும் 10 லிட்டர் வாளியால் கணக்கிட்டால், விநாடிக்கு 50 வாளி!

500 லிட்டர் நீரின் நிறை 500 கிலோகிராம். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. ஆகவே ஒரு விநாடிக்கு 250 ஜூல், அதாவது 250 வாட். ஒவ்வொரு சுற்றிலும் நீரைப் புதிதாக வேகப்படுத்த வேண்டும் என்று கொண்டால் தேவைப்படும் திறன் இது. மோட்டாரிலும் குழாய்களிலும் ஏற்படும் இழப்பு தனி.

இப்போது நம் ஜோசப் ஸ்கூலிங்கை அந்தக் குளத்தில் இறக்குவோம். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலை 50.39 விநாடிகளில் முடித்து, சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர் அவர். தொடக்கப் பாய்ச்சலையும் சேர்த்து அவருடைய சராசரி வேகம் விநாடிக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர். அவரை ஒரே இடத்தில் வைத்திருக்க நீரும் அதே வேகத்தில் ஓட வேண்டும்.

வேகம் இரு மடங்கு. திறனும் இரு மடங்கு போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு விநாடியில் தள்ள வேண்டிய நீர் இரு மடங்காகிறது. ஒவ்வொரு கிலோ நீருக்கும் தர வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. மொத்தத்தில் எட்டு மடங்கு! 250 வாட் 2,000 வாட்டாகிவிடும். மின்கேத்தல் ஒன்று பயன்படுத்தும் அளவு அது. வேகத்தின் கனத்துக்கு ஏற்பத் திறன் கூடுகிறது என்பதே இதன் விதி. நீந்துபவரின் உடலுக்கும் கிட்டத்தட்ட இதே விதிதான். நீச்சலில் ஒரு விநாடியைக் குறைக்க மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டியிருப்பதும் இதனால்தான்.

மலிவான சாதனங்கள் இந்தச் செலவைக் குறைக்க, கொஞ்சம் நீரை மட்டும் மிக வேகமாகப் பீச்சுகின்றன. அந்தப் பீச்சல் சுற்றியுள்ள நீரையும் இழுத்துச் சென்று கொந்தளிக்க வைக்கும். குழாய்வாயின் அருகே வேகம் அதிகம், தள்ளிப் போனால் குறைவு. நெஞ்சில் ஒரு வேகம், தோளில் ஒரு வேகம் என்று இருந்தால் நேராக நீந்துவது கடினம். அகலமான, சீரான ஓட்டத்தைத்தான் பெரிய சுழல்விசிறிச் சாதனங்கள் தர முயல்கின்றன. விலை கூடுவதற்கு அதுவே காரணம்.

நகரவில்லை என்றால் வேலையும் இல்லையா?

உங்களில் சிலர் இந்நேரம் ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருப்பீர்கள். “விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலை. கயிற்றில் நீந்துபவரின் இடப்பெயர்ச்சி சுழியம். அப்படியானால் அவர் செய்த வேலையும் சுழியம்தானே? பிறகு ஏன் அவருக்குக் களைப்பு?”

நல்ல கேள்வி. எதன் மீது வேலை செய்யப்படுகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அவர் தம் உடலை நகர்த்தவில்லை, உண்மைதான். ஆனால் அவருடைய கைகளும் கால்களும் நீரைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. நீர் நகர்கிறது. ஆகவே நீரின் மீது வேலை நடக்கிறது. அந்த ஆற்றல் சுழிகளாகவும் அலைகளாகவும் மாறி, கடைசியில் வெப்பமாகி நீரிலேயே கலந்துவிடுகிறது. தேர்வில் “இடப்பெயர்ச்சி இல்லை, வேலை இல்லை” என்று எழுதும் முன், எந்தப் பொருளின் இடப்பெயர்ச்சி என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு பெரிய தொட்டியில் நீர் நிரப்பி, பாதி நீர் அடைத்த சிறு பிளாஸ்டிக் பாட்டிலை மிதக்க விடுங்கள். அதன் கழுத்தில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி மெதுவாக இழுங்கள். பிறகு வேகமாக இழுங்கள். சீரான வேகத்தில் செல்லும்போது ரப்பர் எவ்வளவு நீள்கிறது என்று கவனியுங்கள். அடுத்து, ரப்பரை அசையாமல் பிடித்துக்கொண்டு, குழாய் நீரை முன்பக்கத்திலிருந்து பாட்டிலை நோக்கி ஓட விடுங்கள். இப்போதும் ரப்பர் நீளும். பாட்டில் ஓடினாலும் நீர் ஓடினாலும் தடை ஒன்றே என்பதை உங்கள் விரல்களே சொல்லும்.

வாங்கும் முன் நான்கு எச்சரிக்கைகள்

முதலாவது, எடை. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் கொண்ட காற்றுத்தொட்டியில் 0.75 மீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் 4.5 கன மீட்டர். அதன் எடை 4.5 டன்! சதுர மீட்டருக்கு 750 கிலோ. வீடுகளின் மாடித் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான சுமையைக் கருத்தில் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. அடுக்குமாடி வீட்டுக்குள்ளோ மாடத்திலோ இத்தகைய தொட்டியை வைக்கவே கூடாது.

இரண்டாவது, உறிஞ்சும் வாய். நீரோட்டச் சாதனம் ஒரு பக்கம் நீரைத் தள்ளினால் மறுபக்கம் இழுத்தாக வேண்டும். இழுக்கும் வாயின் மூடி உடைந்திருந்தால் நீளமான தலைமுடியோ ஆடையோ சிக்கிக்கொள்ளலாம். அப்போது குளத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

மூன்றாவது, மின்சாரம். நீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் உரிமம் பெற்ற மின்பணியாளரே இணைப்புக் கொடுக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து நீட்டிப்புக் கம்பியை இழுத்து வந்து மாட்டக்கூடாது.

நான்காவது, கயிறு. ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய பெல்ட்டாக இருக்க வேண்டும். கயிற்றை நாற்காலியிலோ தொட்டியின் சட்டத்திலோ கட்டாதீர்கள். நீட்டிய ரப்பர் கயிற்றில் ஆற்றல் சேர்ந்திருக்கும். அறுந்தால் அது சாட்டைபோல் அடிக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் தனியாக நீந்தக்கூடாது. இடுப்பளவு நீர்தானே என்ற எண்ணம் வேண்டாம். பயன்படுத்தாத நேரத்தில் குளத்தை மூடி வைத்தால் சிறு பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, ஏடிஸ் கொசுக்களும் பெருகாது.

சரி, தொடக்கக் கேள்விக்கு வருவோம். நகராமல் ஒரு கிலோமீட்டர் நீந்த முடியுமா? சீரான நீரோட்டத்தில் முடியும். விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் 1,000 விநாடிகள், அதாவது 16 நிமிடங்கள் 40 விநாடிகள் நீந்தினால், நீரைப் பொறுத்தவரை நீங்கள் ஒரு கிலோமீட்டர் கடந்துவிட்டீர்கள். கயிற்றில் நீந்தினால் கடந்த தூரம் என்று ஒன்று இல்லை. கைகளின் வலிமைக்கு மட்டும் நல்ல பயிற்சி. சுவரில் திரும்புவதையும் மேடையிலிருந்து பாய்வதையும் இரண்டுமே கற்றுத் தராது. அதற்குப் பொதுக் குளத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே உயிர்காப்பாளரும் இருப்பார், கூட நீந்த நண்பர்களும் இருப்பார்கள்.