உஷார்! நம் வாலிபர்களைக் கூப்பிடுவது யார்?

போடியில் வாலிபப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோரே, போதகர்மாரே, தம்பிமாரே, இதை இன்றைக்கே வாசியுங்கள்.

போன மாத வாலிபர் கூட்டத்தில் 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்த தம்பி போனில் வேதாகமத்தைத் திறந்தான். சாமுவேல் எழுந்து ஓடுவதற்குள் திரையின் மேலிருந்து ஒரு செய்தி இறங்கியது: 500 ரூபாய் போனஸ், இன்னும் பத்து நிமிடம்தான். விரலால் தள்ளிவிட்டான். ஆனால் மனசு அதோடு போய்விட்டது. கூட்டம் முடியும்வரை திரும்பி வரவில்லை.

எனக்கு அன்று இரவு தூக்கமில்லை. சாமுவேலுக்கும் கூப்பிட்டது யாரென்று தெரியவில்லை. மூன்று தடவை ஏலியிடம் ஓடினான். கண் மங்கிய அந்தப் பெரியவர்தான் அது ஆண்டவரின் குரல் என்று அடையாளம் சொன்னார். நம் பையன் எழுந்து ஓடினால், விழித்திருக்கிற ஏலி யார்?

இன்று அவனைக் கூப்பிடும் குரல்களைக் கேளுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டம் வந்துவிட்டதே என்று அசந்துவிடாதீர்கள். லிங்க் வேறு வழியில் வரும். 'உன் பேங்க் அக்கவுன்ட்டை மட்டும் கொடு, கமிஷன் தருகிறோம்' என்று ஒரு குரல். அதில் ஓடுவது திருட்டுப் பணம். போலீஸ் முதலில் தட்டுவது அக்கவுன்ட்காரன் வீட்டுக் கதவை. 'தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை' என்று இன்னொன்று. அதை நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் அடைபட்டு, ஆன்லைன் மோசடி செய்ய மிரட்டப்பட்ட தமிழ் இளைஞர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறொரு குரல். அது ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டே வருகிறது. நேரலையில் முகம் பழக்கமில்லாத ஒருவர், 'தம்பி, ஆண்டவர் உன்னை ஊழியத்துக்கு அழைக்கிறார், இப்போதே கீழ்ப்படி' என்கிறார். கீழே கியூஆர் கோடு. டிப்ளமோவைப் பாதியில் விடுகிறேன் என்று வீட்டில் வந்து நின்ற பையனை நான் பார்த்திருக்கிறேன். அவன் அம்மா விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு கடந்து, ஏலக்காய் எடுக்கப் போகிறவர்.

அந்த அம்மாவிடம் கேளுங்கள், காய் எடுப்பதை ஒரே நாளில் கற்றாரா என்று. பழுக்க விட்டால் காயவைக்கும்போது வெடித்துவிடும். பிஞ்சில் எடுத்தால் எடை நிற்காது. பருவம் பார்க்கும் கண், தெரிந்தவர் பக்கத்தில் குனிந்து குனிந்துதான் வரும். அழைப்பை அறிகிற கண்ணும் அப்படித்தான்.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பாருங்கள். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகப் போனவர் 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்பித் தாங்குவதைக் கண்டார். அது அவரை உறுத்தியது. அடுத்த ஆண்டே நண்பர்களோடு சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். அவர் தோர்ணக்கல்லுக்கு ஊழியராகப் போனது 1909-இல். இடையில் ஆறு ஆண்டு! வேலை பார்த்தார், நண்பர்களோடு ஜெபித்தார், கலந்து பேசினார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தம்பி, பேராயர் பட்டத்தை விடு. அந்த ஆறு ஆண்டைப் பார். அழைப்பு என்றால் பிரசங்க மேடை மட்டும் என்றும் நினைக்காதே. பவுல் கூடாரம் தைத்தவர். எலெக்ட்ரீஷியனாக, நர்ஸாக, ஏலக்காய் வியாபாரியாக நேர்மையோடு நிற்பதும் அழைப்புதான்.

'இப்போதே', 'யாரிடமும் சொல்லாதே', 'முதலில் பணம் கட்டு' — இந்த மூன்றில் ஒன்று காதில் விழுந்தாலும் நில். உன்னைச் சிறுவயதிலிருந்து அறிந்த ஒருவரிடம் போனைக் காட்டு. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்டுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே. பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதே, உடனே 1930-ஐ அழை.

பெரியவர்களே, அப்படி நம் பையன் வந்து நிற்கும்போது முதல் வார்த்தையாகத் திட்டாதீர்கள். திட்டினால் இரண்டாம் தடவை நம்மிடம் ஓடிவர மாட்டான்.