செங்கோட்டையின் கோப்பு எங்கே?

தென்காசியில் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் செங்கோட்டை. ஆனால் இந்த இரண்டு ஊர்களின் பழைய அரசியலைத் தேடிப் புறப்படுகிறவருக்கு வழி இரண்டாகப் பிரிந்துவிடும். தென்காசிக்காரர் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு ரயில் ஏற வேண்டும். செங்கோட்டைக்காரர் மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் போக வேண்டும். தென்காசி ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் இருந்தது. செங்கோட்டையோ 1949 வரை திருவிதாங்கூர் மகாராஜாவின் ஊர், அதன்பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் ஊர். 1956 நவம்பர் 1-ல்தான் அது திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. அன்று ஊர் இந்தப் பக்கம் வந்தது. அதுவரை அதைப் பற்றி எழுதப்பட்ட தலைமைச் செயலகக் கோப்புகள் அந்தப் பக்கமே நின்றுவிட்டன.

ஆவணக் காப்பகங்களின் அடிப்படை விதியே இதுதான்: தாள் எந்த ஊரைப் பற்றியது என்று பார்ப்பதில்லை, எந்த அலுவலகத்தில் பிறந்தது என்றே பார்ப்பார்கள். 1841-ல் பிரான்ஸ் இதை எழுத்தில் வைத்தது. பிறகு உலகமெங்கும் வழக்கமாயிற்று. 'செங்கோட்டை' என்று ஒரு பெட்டி போட்டு எல்லாத் தாளையும் அதில் திரட்டினால் தேடுவது சுலபம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு கடிதத்தை யார் கேட்டு யார் எழுதினார், அதற்கு முன்னும் பின்னும் கோப்பில் என்ன இருந்தது என்பது தெரியாவிட்டால் அதன் பொருளில் பாதி போய்விடும். அதனால்தான் எழும்பூரில் 1909-ல் கட்டிய சிவப்புக் கட்டடத்தில் அரசாணைகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாக, எண்வாரியாக நிற்கின்றன.

இதன் பலனை ஒரு வழக்கில் பார்க்கலாம். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். கொலை நடந்தது ஆங்கிலேயர் மண்ணில்; கொன்றவரின் ஊரும் உத்தியோகமும் மகாராஜாவின் மண்ணில். சென்னை அரசுக்கும் திருவிதாங்கூர் திவானுக்கும் இடையே ரெசிடெண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி உண்டு. அரசியல் கடிதப் போக்குவரத்து அவர் வழியாகத்தான். இந்த ஏற்பாட்டில் ஒரே கடிதம் மூன்று இடத்தில் தடம் விடும். எழுதிய இடத்தில் வரைவு, ரெசிடெண்ட் அலுவலகத்தில் ஒரு படி, போய்ச் சேர்ந்த இடத்தில் கையெழுத்திட்ட மூலம். ஒன்றைக் கரையான் தின்றாலும் மற்றொன்று பேசும். அதைவிட ருசியானது வரைவுதான். குமாஸ்தா எழுதிய கடுமையான சொல்லை மேலதிகாரி அடித்துவிட்டு, ஓரத்தில் மெதுவான சொல்லைப் போட்டுச் சுருக்கொப்பம் இட்டிருப்பார். மூலத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்தத் தயக்கம் தெரியவே தெரியாது.

தனி மனிதரின் அரசியல் வாழ்க்கையும் இப்படித்தான் சிதறிக் கிடக்கும். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யைக் கம்பனோடு சேர்த்தே நினைக்கிறோம். அவர் 1920-களின் பிற்பகுதியில் சென்னைச் சட்டசபை உறுப்பினர், பிறகு அறநிலைய வாரிய ஆணையர். அவையில் பேசியதற்கு அச்சிட்ட நடவடிக்கைத் தொகுதிகள் உண்டு; ஆணையராகச் செய்ததற்கு வாரியத்தின் கோப்புகள். கடிதங்களின் கதை வேறு. ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருப்பவை அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை மற்றவர்கள் வீட்டில் இருக்கும். டி.கே.சி.யின் கடிதங்கள் நூலானது, பெற்றவர்கள் பத்திரப்படுத்தியதால்தான். அவருடைய நண்பர் ராஜாஜியின் தாள்களைத் தேடினால் டெல்லி தீன்மூர்த்தி நூலகம் வரை போக நேரும்.

தாள்கள் எல்லாமே நிலைப்பதில்லை. எது நிலைக்கும் என்பதை முடிவு செய்வது இரண்டே எழுத்து. அரசுக் கடிதத்தின் தலையில் 'ந.க. எண்' என்று பார்த்திருப்பீர்கள். அது நடப்பில் உள்ள கோப்பு. வேலை முடிந்ததும் அதற்கு ஆயுள் குறிப்பார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் வழங்கும் முறை இது. தேர்தலுக்குத் தனி விதி: எண்ணி முடித்த வாக்குச்சீட்டுகளை, நீதிமன்றம் வேறு சொன்னாலொழிய, ஓராண்டு வைத்திருந்து அழித்துவிட வேண்டும் என்கின்றன 1961-ன் தேர்தல் நடத்தை விதிகள். முடிவு மட்டும் மிஞ்சும்.

நி.மு. போட்ட தாளுக்கும் எதிரி உண்டு. அது தாளுக்குள்ளேயே இருக்கிறது. கட்டபொம்மன் காலத்துக் கம்பெனிக் கடிதம், 1940-களின் தேர்தல் நோட்டீஸைவிடத் திடமாக இருப்பதைக் காணலாம். பழைய தாள் கந்தல் துணியை அரைத்துச் செய்தது. அதன் செல்லுலோஸ் இழைகள் நீளமானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ் வந்தது. மை பரவாமலிருக்க அதில் படிகாரமும் ரோசினும் சேர்த்தார்கள். படிகாரம் காலப்போக்கில் அமிலம் விடும். அமிலம் இழையைத் துண்டாக்கும். தாள் பழுத்து, மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்கும். காற்றில் ஈரம் ஏறினால் இந்த வேலை வேகப்படும். குற்றாலத்துச் சாரல் நமக்குச் சுகம், தாளுக்கு ஆகாது. மெக்னீசியம் அல்லது கால்சியம் கலந்த காரக் கரைசலில் அமிலத்தை முறித்து, மெல்லிய டிஷ்யூ தாள் ஒட்டிப் பலப்படுத்துவது காப்பகங்கள் செய்யும் வைத்தியம்.

உங்கள் தாத்தா செங்கோட்டையில் அரசியலில் இருந்தார் என்றால், தேடலை ஊர்ப் பெயரில் தொடங்காதீர்கள். அன்று யார் ஆட்சி என்று முதலில் பாருங்கள். 1952-லும் 1954-லும் அவர் ஓட்டுக் கேட்டது திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபைக்கு. 1957-ல் சென்னைச் சட்டசபைக்கு. அதே மனிதர், அதே தெரு, இரண்டு மாநிலக் காப்பகங்கள். தென்காசி 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமானது. ஆகவே அதற்கு முந்தைய கலெக்டர் அலுவலகக் கோப்பு வேண்டுமென்றால் முதலில் திருநெல்வேலியில் விசாரியுங்கள்.