ஊருக்கு உரிமம், நகரத்து நிகழ்ச்சி

ஆஸ்திரேலியாவில் வணிகத் தொலைக்காட்சி உரிமம் நாடு முழுவதற்குமாகத் தரப்படுவதில்லை. நாடு பல உரிமப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி உரிமம் உண்டு. ஒரு நிறுவனம் தன் எல்லைக்குள் மட்டும் ஒளிபரப்பலாம், அங்குள்ள கடைகளிடமும் தொழில்களிடமும் விளம்பரம் வாங்கலாம். அதற்கு ஈடாக அந்தப் பகுதி மக்களுக்கு அது சில கடமைகளைச் செய்தாக வேண்டும். உரிமங்களை வழங்குவதும் கண்காணிப்பதும் ஆஸ்திரேலியத் தகவல்தொடர்பு ஊடக ஆணையத்தின் வேலை. 2005-இல் உருவான இந்த ஆணையத்துக்கு முன்பு அதே பணியை ஒளிபரப்பு ஆணையம் பார்த்துவந்தது.

சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன், அடிலெய்டு, பெர்த் ஆகிய ஐந்து பெருநகரங்களில் செவன், நைன், டென் என்ற மூன்று நெட்வொர்க்குகள் போட்டியிடுகின்றன. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்நகரங்களுக்கு வெளியே, சிறு நகரங்களிலும் விவசாயப் பகுதிகளிலும் பாலைநிலங்களிலும் வாழ்கிறார்கள். அவர்களுக்குத் தொலைக்காட்சி சேவை தருவது பெரும்பாலும் தனி நிறுவனங்களின் பொறுப்பாகவே இருந்துவந்தது.

நாட்டின் தொலைக்காட்சி வரலாறு 1956-இல் சிட்னியிலும் மெல்போர்னிலும் தொடங்கியது. பெருநகரங்களுக்கு வெளியே முதல் நிலையம் விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்து பகுதியில் 1961 டிசம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. டிரரால்கன் ஊரிலிருந்து இயங்கிய அதன் பெயர் ஜிஎல்வி-10. அதே மாதம் பெண்டிகோவிலும் ஷெப்பர்ட்டனிலும் நிலையங்கள் வந்தன. மறு ஆண்டு வொல்லங்காங், ஆரஞ்சு, கான்பெரா என்று வரிசை நீண்டது.

அப்போது ஒரு வட்டாரத்துக்கு ஒரே வணிக நிலையம்தான். அரசுக்குச் சொந்தமான ஏபிசியைத் தவிர வேறு போட்டி கிடையாது. விளம்பரம் செய்ய நினைத்த உள்ளூர் வணிகர் அந்த ஒரே நிலையத்தைத்தான் நாட வேண்டும். நிலையமும் எந்த நெட்வொர்க்குக்கும் கட்டுப்பட்டதில்லை. மூன்றிடமிருந்தும் தனக்குப் பிடித்த தொடர்களையும் விளையாட்டுகளையும் வாங்கித் தன் வசதிக்கேற்ற நேரத்தில் போட்டது. வருமானம் உறுதியாக இருந்ததால் உள்ளூர்ச் செய்தியும் குழந்தைகள் நிகழ்ச்சியும் சொந்த ஸ்டுடியோவிலேயே தயாராயின. ஆனால், சிட்னிக்காரர் மூன்று வணிக அலைவரிசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க, நாட்டுப்புறத்தாருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. நகரவாசிக்குக் கிடைப்பது தங்களுக்கும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது.

1980-களின் இறுதியில் பிரதமர் பாப் ஹாக்கின் அரசு இதற்குக் கண்ட தீர்வு, பக்கத்துப் பக்கத்து உரிமப் பகுதிகளை இணைத்து ஒரே பெரிய சந்தையாக்குவது. இணைக்கப்பட்ட பரப்பில் முன்பு தனித்தனியாக ஆண்டுவந்த நிறுவனங்கள் இனி முழுப் பரப்புக்கும் ஒளிபரப்பும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று வணிக அலைவரிசைகள் வந்துசேரும். 1989 மார்ச் 31 அன்று தெற்கு நியூ சவுத் வேல்ஸில் திட்டம் தொடங்கியது. 1990 இறுதியில் குவீன்ஸ்லாந்திலும், 1991 இறுதியில் வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும், 1992 தொடக்கத்தில் விக்டோரியாவிலும், 1994-இல் டாஸ்மேனியாவிலும் அது நடைமுறைக்கு வந்தது.

மூன்று நிறுவனங்கள் ஒரே சந்தையில் மோதும்போது மூன்று நெட்வொர்க்குகளிடமிருந்தும் கலந்து வாங்குவது இயலாது. ஆளுக்கொரு நெட்வொர்க்குடன் ஒப்பந்தம் போட்டாக வேண்டும். இப்படித்தான் தெற்கு நியூ சவுத் வேல்ஸில் வின் நிறுவனம் நைனுடனும், பிரைம் செவனுடனும், கான்பெராவின் கேப்பிட்டல் டென்னுடனும் கைகோத்தன. இதுவே இணைப்பு ஒப்பந்தம்.

இந்த ஒப்பந்தத்தின்படி நெட்வொர்க் தன் நிகழ்ச்சி வரிசையை முழுதாக அனுப்பும். வட்டார நிறுவனம் அதைத் தன் கோபுரங்கள் வழியே ஒளிபரப்பும். சிட்னியில் கால்பந்து ஆட்டத்தின் இடையே விளம்பர இடைவேளை வரும்போது நகரத்து விளம்பரங்கள் விலக்கப்பட்டு வட்டார விளம்பரங்கள் சேர்க்கப்படும். அதுவும் ஊருக்கு ஊர் மாறும்: வொல்லங்காங் வீட்டில் அவ்வூர் மரச்சாமான் கடையின் விளம்பரம் ஓடும் அதே முப்பது விநாடியில் வாகா வாகா வீட்டில் அங்குள்ள டிராக்டர் வியாபாரியின் விளம்பரம் ஓடலாம். விளம்பரப் பணத்தை வட்டார நிறுவனம் வசூலித்து, அதில் ஒரு பங்கை நெட்வொர்க்குக்கு இணைப்புக் கட்டணமாகக் கட்டும்.

அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் இந்தத் தொழிலின் பலமும் பலவீனமும் தெரியும். 2016 ஜூலை 1 அன்று நைன் பல ஆண்டுகளாகத் தன்னுடன் இருந்த வின்னை விட்டுவிட்டு, குவீன்ஸ்லாந்திலும் தெற்கு நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் அதுவரை டென்னுடன் இருந்த சதர்ன் கிராஸ் நிறுவனத்துடன் சேர்ந்தது. சதர்ன் கிராஸ் ஒப்புக்கொண்ட கட்டணம் தொலைக்காட்சி விளம்பர வருவாயில் 50 சதவீதம். வின் டென்னிடம் போனது. ஐந்தே ஆண்டுகளில், 2021 ஜூலை 1 அன்று, நைன் மீண்டும் வின்னிடம் திரும்ப, சதர்ன் கிராஸ் டென்னிடம் திரும்பியது. கோபுரமும் உரிமமும் ஒருவரிடம் இருந்தாலும், மக்கள் விரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி மற்றவரிடம் இருந்தது. பேரம் பேசும் பலம் யாரிடம் இருந்தது என்பதை அந்த 50 சதவீதமே காட்டிவிடுகிறது.

மூன்று அலைவரிசைகள் வந்ததால் நேயர்களுக்குத் தேர்வு கிடைத்தது. ஆனால் ஒருவர் உண்டுவந்த விளம்பர வருமானத்தை மூவர் பங்கிட நேர்ந்தது. புதிய கோபுரங்களுக்கான செலவும் சேர்ந்துகொண்டது. சிறு நிறுவனங்கள் பெரியவற்றுடன் இணைந்தன. செலவைக் குறைக்க முதலில் கைவைக்கப்பட்டது உள்ளூர்ச் செய்தியில். 2001-இல் பிரைம் கான்பெரா, வொல்லங்காங், நியூகாசில் செய்திப் பிரிவுகளை மூடியது. சதர்ன் கிராஸும் கான்பெரா, கெய்ன்ஸ், டவுன்ஸ்வில் முதலிய இடங்களில் மூடியது.

ஒளிபரப்பு ஆணையம் விசாரணை நடத்தி, இணைக்கப்பட்ட சந்தைகளில் உள்ளூர் நிகழ்ச்சிக்குப் புள்ளிக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளூர்ச் செய்தி ஒரு நிமிடத்துக்கு 2 புள்ளிகள், பிற உள்ளூர் நிகழ்ச்சி ஒரு நிமிடத்துக்கு 1 புள்ளி. ஆறு வாரங்களில் 720 புள்ளிகளும், எந்த வாரத்திலும் குறைந்தது 90 புள்ளிகளும் சேர வேண்டும். செய்தியை மட்டும் கொண்டு 720-ஐ எட்ட வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம், அதாவது வார நாள் ஒன்றுக்கு 12 நிமிடம் போதும். இந்தக் கணக்கு மாநிலம் முழுவதற்குமானதன்று. பல்லாரட், பெண்டிகோ, கிப்ஸ்லாந்து என்று ஒவ்வொரு உள்வட்டாரத்துக்கும் தனித்தனியே காட்ட வேண்டும்.

செய்தி எங்கே தயாராக வேண்டும் என்று இந்தக் கணக்கு கட்டாயப்படுத்தவில்லை. செய்தியாளர் ஊரில் படம்பிடிக்க, வாசிப்பவர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்டுடியோவில் உட்கார்ந்து பல ஊர்ச் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துப் பதிவுசெய்யும் வழக்கம் வந்தது. 2019-இல் வின் ஆரஞ்சு, டப்போ, ஆல்பரி, வாகா வாகா முதலிய ஊர்களின் செய்தி அறைகளையும் மூடியது.

எந்தச் சந்தையிலும் சேர்க்க முடியாத அளவுக்கு மக்கள் சிதறி வாழும் உட்பகுதிகளுக்கு வேறு வழி தேவைப்பட்டது. 1985-இல் ஏவப்பட்ட ஆஸ்சாட் செயற்கைக்கோள்கள் அதைத் திறந்துவிட்டன. மத்திய ஆஸ்திரேலியாவுக்கான செயற்கைக்கோள் உரிமத்தை ஆலிஸ் ஸ்பிரிங்ஸைச் சேர்ந்த பூர்வகுடிகளின் ஊடகச் சங்கம் பெற்றது. அதன் இம்பார்ஜா தொலைக்காட்சி 1988 ஜனவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. நெட்வொர்க் நிகழ்ச்சிகளோடு பூர்வகுடிகளின் நிகழ்ச்சிகளையும் அது தந்தது. கோபுர அலை எட்டாத வீடுகளுக்காக 2010-இல் வாஸ்ட் என்ற செயற்கைக்கோள் சேவையும் தொடங்கப்பட்டது.

பெரிய நெட்வொர்க்குகள் வட்டார நிறுவனங்களை வாங்கிவிடாமல் சட்டம் நெடுங்காலம் தடுத்துவைத்திருந்தது. 1992-ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சேவைகள் சட்டப்படி ஒருவரின் உரிமங்கள் நாட்டு மக்களில் 75 சதவீதத்துக்கு மேல் எட்டக் கூடாது. ஐந்து பெருநகரங்களிலேயே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைந்துவிடுவதால் பெரிய வட்டார நிறுவனம் எதையும் வாங்க இடமிருக்கவில்லை. இணையம் வந்தபின் இந்த வேலி பொருளிழந்தது. நைன் தன் அலைவரிசையை இணையத்தில் நேரலையாகத் தந்தபோது, அது தன் பகுதிக்குள் நுழைவதாக வின் வழக்குத் தொடுத்தது. 2016-இல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் வின்னுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒளிபரப்பு உரிமத்தின் எல்லை இணையத்தைக் கட்டுப்படுத்தவில்லை.

2017-இல் நாடாளுமன்றம் 75 சதவீத விதியை நீக்கியது. கைமாற்றத்தால் அந்த வரம்பைத் தாண்டும் உரிமையாளருக்கு, இணைக்கப்பட்ட சந்தைகளில் புள்ளிக் கணக்கு 720-லிருந்து 900 ஆக உயரும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. 2021 இறுதியில் செவன் பிரைமின் தொலைக்காட்சித் தொழிலை வாங்கியது. இணைப்பு ஒப்பந்தம் தேவைப்படாத ஒரே குடும்பமாக அந்த இரண்டும் ஆயின.

சட்டம் உரிமத்தோடு கடமையைச் சேர்த்துவைக்கலாம். வருமானத்தைச் சேர்த்துத் தர அதனால் முடியாது. அனலாக் ஒளிபரப்பை 2010 ஜூன் 30 அன்று நாட்டிலேயே முதலில் நிறுத்தி டிஜிட்டலுக்கு முழுதாக மாறிய வட்டாரம் மில்டுரா. அங்கு டென் நிகழ்ச்சிகளைத் தந்துவந்த நிலையம் கட்டுப்படியாகாமல் 2024 ஜூன் 30 அன்று மூடப்பட்டது.