பாடகர் நிறுத்தும் இடத்தில் அழத் தொடங்கும் கிட்டார்!

பிரிந்துபோன காதலி திரும்பி வந்துவிட்டாள். அழுகை ஓய்ந்தது, இனி எல்லாம் நல்லபடி நடக்கும். அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் பக் ஓவன்ஸ் 1964-ல் பாடிய 'டுகெதர் அகெய்ன்' பாட்டின் சங்கதி இவ்வளவுதான். 'மறுபடி ஒன்று சேர்ந்தோம்' என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. ஆனாலும், கேட்பவர்களுக்குத் தொண்டையை அடைக்கிறது. வார்த்தைகளில் எவ்வளவு தேடினாலும் அதற்குக் காரணம் கிடைக்காது. பாட்டின் நடுவே பக் ஓவன்ஸ் வாயை மூடிக்கொள்கிற அந்தச் சில நொடிகளில்தான் காரணம் இருக்கிறது.

அங்கே வாசிப்பவர் டாம் பிரம்லி. அப்போது அவருக்கு 28 வயது. கையில் இருந்தது, இல்லை... கை, கால், முட்டி எல்லாவற்றிலும் இருந்தது, பெடல் ஸ்டீல் கிட்டார்.

பெயரில்தான் கிட்டார். பார்ப்பதற்குக் கால் வைத்த குறுகிய மேஜை மாதிரி இருக்கும். மேலே 10 கம்பிகள் படுத்திருக்கும். வாசிப்பவர், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த டெய்லர் போல அதன் முன் உட்கார்ந்திருப்பார். இடது கையில் வழவழப்பான இரும்பு உருளை. அதைக் கம்பிகளின் மேல் நகர்த்த வேண்டும். வலது கைக் கட்டைவிரலிலும் மற்ற விரல்களிலும் மாட்டிய நகங்களால் மீட்ட வேண்டும். வலது பாதம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலில் இருக்கும். இடது பாதத்துக்கு மூன்று பெடல்கள். போதாததற்கு, முட்டிகளால் இடமும் வலமும் தள்ளுவதற்கு லீவர்கள். இத்தனையையும் ஒரே நேரத்தில் இயக்கிக்கொண்டே, முகத்தில் எதுவும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள் இந்தக் கலைஞர்கள். அதுவே ஒரு தனி வித்தை.

கம்பியின் மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் சித்ரவீணை நமக்குப் பழக்கம்தான். அங்கே கட்டை நகரும்போது அதன் அடியில் இருக்கும் கம்பிகளின் ஸ்வரம் மொத்தமாக நகர்கிறது. பெடல் ஸ்டீலில் இன்னொரு வசதி உண்டு. பெடலை மிதித்தால், ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பிகளில் ஒன்று மட்டும் மெதுவாக அடுத்த ஸ்வரத்துக்கு ஏறும். பக்கத்துக் கம்பிகள் அசையாது. மூன்று பேர் சேர்ந்து பாடும்போது இரண்டு பேர் நின்ற இடத்திலேயே நிற்க, ஒருவர் குரல் மட்டும் நெகிழ்ந்து மேலே போனால் எப்படி இருக்கும்? அந்த நெகிழ்ச்சிதான் கேட்பவரின் காதில் அழுகையாக விழுகிறது.

கம்பியில் இரும்பை வழுக்கும் வித்தையைக் கண்டுபிடித்த பெருமை, 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவில் வாழ்ந்த ஜோசப் கெகுகு என்ற இளைஞருக்குத் தரப்படுகிறது. அங்கிருந்து அது அமெரிக்க நிலப்பரப்புக்கு வந்து கன்ட்ரி பாட்டுக்குள் புகுந்தது. பெடல் வந்த பிறகும் பல காலம் அதை வேறு வேலைக்குத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு ராகம் முடிந்து அடுத்ததற்குச் சுருதி மாற்றுவதுபோல, ஓசை இல்லாத நேரத்தில் மிதித்துவிட்டு வாசிப்பார்கள்.

கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்துக் காட்டினார் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸ் பாடி 1954-ல் பட்டியலின் முதலிடத்துக்குப் போன 'ஸ்லோலி' பாட்டில் அந்த ஓசை வந்தது. வானொலியில் அதைக் கேட்ட மற்ற ஸ்டீல் கலைஞர்கள் 'இது எப்படி?' என்று தலையைப் பிய்த்துக்கொண்டு, அவசர அவசரமாகத் தங்கள் கருவியிலும் பெடலைப் பொருத்தினார்கள். ஐசக்ஸின் பெடல் ஒரே மிதியில் இரண்டு விதக் கம்பிகளை ஏற்றியது. ஓரிரு வருடங்களில் பட்டி எம்மன்ஸ் என்ற இளைஞர் அந்த வேலையை இரண்டு பெடல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். இன்றும் உலகம் முழுக்க அந்த அமைப்பில்தான் வாசிக்கிறார்கள். எம்மன்ஸின் கையைக் கேட்க வேண்டுமென்றால், ரே பிரைஸின் 1963-ம் வருட 'நைட் லைஃப்' போதும். நள்ளிரவு தாண்டிய மதுக்கூடத்தில் கடைசி ஆள் எழுந்து போவது போன்ற வாசிப்பு.

மறுபடி பிரம்லியிடம் வருவோம். அவருடைய அப்பா ஆல்பர்ட் பிரம்லி, 'ஐ'ல் ஃப்ளை அவே' போன்ற பக்திப் பாடல்களை எழுதிப் பெயர் பெற்றவர். மகன் வாசித்த அந்த சோலோவில் வேகம் இல்லை, விரல் ஜாலம் இல்லை. கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன, தயங்குகின்றன, இறங்குகின்றன. சேர்ந்துவிட்டோம் என்று பாடகர் சொல்கிறார். 'எத்தனை நாளைக்கு?' என்று ஸ்டீல் கேட்கிறது. இத்தனைக்கும் 'டுகெதர் அகெய்ன்' இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டு. முன்பக்கத்தில் இருந்த துள்ளல் பாட்டு முதலிடத்தில் இருக்க, பின்பக்கம் வந்து அதைத் தள்ளிவிட்டு முதலிடத்தைப் பிடித்தது. ஹிப்பிகளின் கதாநாயகனான ஜெர்ரி கார்சியா பெடல் ஸ்டீல் கற்றுக்கொள்ள இந்தப் பாட்டே தூண்டுதல் என்பார்கள். அவர் பின்னாளில் வாசித்தது, கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் குழுவின் 'டீச் யுவர் சில்ட்ரன்'. கன்ட்ரி பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட அந்த ஓசையைக் கேட்டிருப்பார்கள்.

எல்லா ஸ்டீலும் அழுவதில்லை. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பாணியை உருவாக்கியவர்களில் ஒருவரான ரால்ஃப் மூனியின் ஸ்டீல், வாயாடி. மெர்ல் ஹேகார்டின் 'ஸ்விங்கிங் டோர்ஸ்' பாட்டில், வீட்டை விட்டு வந்து மதுக்கடையையே வீடாக்கிக்கொண்டவன் புலம்புகிறான். மூனியோ கூர்மையாக, வெடுக்கென்று, கோழி கொத்துவதுபோல வாசிக்கிறார். 'போதும்பா, எழுந்து வீட்டுக்குப் போ' என்று பக்கத்து ஸ்டூல்காரர் சொல்வது மாதிரி. அந்தப் புலம்பல் மூனிக்கும் தெரிந்ததுதான். தன் குடிப்பழக்கத்தால் மனைவி விட்டுப் போனபோது, அவர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய 'க்ரேஸி ஆர்ம்ஸ்' பாட்டு, 1956-ல் ரே பிரைஸின் குரலில் 20 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

நாஷ்வில் நகர ஸ்டூடியோக்களின் கதை வேறு. காலையில் ஒரு பாடகர், மாலையில் இன்னொருவர் என்று வாசித்துக் கொடுத்துவிட்டுப் போகும் கலைஞர்கள் அங்கே அதிகம். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும். அந்தக் கால இசைத்தட்டு அட்டைகளில் பெரும்பாலும் அவர்கள் பெயர் இருக்காது. லாயிட் கிரீன் அப்படி வாசித்துக் குவித்தவர். ஜீன் வாட்சனின் 'ஃபேர்வெல் பார்ட்டி' பாட்டில் அவர் வாசித்தது ஸ்டீல் கற்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மோதிப் பார்க்கும் சுவர். தன் இறுதிச் சடங்கைக் கற்பனை செய்துகொள்ளும் ஒருவனின் பாட்டு அது. தான் போனால் அவள் சந்தோஷப்படுவாள் என்பது அவனுக்குத் தெரியும். பாடகரின் குரல் எவ்வளவு உயரம் போகிறதோ, அதற்கும் மேலே ஏறி நிற்கிறது கிரீனின் கம்பி.

பீட் டிரேக் இன்னொருவர். வாயில் குழாயை வைத்து ஸ்டீலைப் 'பேச'வைத்தவர். ஜார்ஜ் ஹாரிசன் தன் தனி ஆல்பத்துக்காக இவரை லண்டனுக்கு வரவழைத்தார். ஆனால் டிரேக் வாசித்ததில் மனதில் தங்குவது, 1980-ல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே'. சாகும்வரை ஒருத்தியை நேசித்தவனின் கதை. சோலோ என்று பெரிதாக எதுவும் இல்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில இழுப்புகள். அதற்கு மேல் ஒரு ஸ்வரம் வாசித்திருந்தாலும் அதிகமாகிப் போயிருக்கும். 1988-ல் மறைந்த டிரேக்குக்கு, கன்ட்ரி இசையின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கதவு 2022-ல்தான் திறந்தது.

இந்த வரிசையில் ஜான் ஹ்யூயிக்கு மட்டும் ஒரு சலுகை தரலாம். 20 ஆண்டுகள் கான்வே ட்விட்டிக்கு வாசித்த இவருடைய பாணிக்குப் பெயரே 'அழும் ஸ்டீல்'. வின்ஸ் கில் 1991-ல் பாடிய 'லுக் அட் அஸ்' பாட்டின் தொடக்கத்தில், மற்றவர்கள் போகத் தயங்கும் உச்சிப் பகுதியில் இவருடைய இரும்பு உருளை நடுங்கி நிற்கிறது. பாட்டோ, இத்தனை வருடம் கழித்தும் ஒருவரையொருவர் விடாத கணவன் மனைவியைப் பற்றியது. அமெரிக்காவில் திருமண நாள் விருந்துகளுக்கு ஏற்ற பாட்டு. அங்கே எதற்கு அழுகை? வெகுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு விளங்கும்.

அதே வின்ஸ் கில் 2013-ல் 'பேக்கர்ஸ்ஃபீல்டு' என்றொரு ஆல்பம் வெளியிட்டார். பக் ஓவன்ஸும் மெர்ல் ஹேகார்டும் பாடிய பழைய பாடல்கள்தான் அதில் இருக்கின்றன. 'டுகெதர் அகெய்ன்' பாட்டும் உண்டு. பிரம்லி வாசித்த அதே இடத்தில் இந்த முறை வாசித்தவர் பால் ஃப்ராங்க்ளின். ஆல்பத்தின் அட்டையில், வின்ஸ் கில் பெயருக்குப் பக்கத்தில் பால் ஃப்ராங்க்ளின் பெயரும் இருக்கிறது.